அடிபட்டு மறுசீரமைத்த காரைக் கண்டுபிடிப்பது எப்படி? பழைய கார் வாங்குவோருக்கான செய்முறை

சம்பா அறுவடை முடிந்து தை, மாசியில் நெல் பணம் கைக்கு வரும்போது தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி பக்கம் பழைய கார் வியாபாரம் சூடு பிடிக்கும். கன்சல்டிங் வாசலில் நிற்கும் வண்டி எல்லாமே பளபளவென்றுதான் இருக்கும். அதில் எது பெரிய அடி வாங்கியது என்பதை, மெக்கானிக் அல்லாத ஒருவரே இரண்டு மணி நேரத்தில் பெருமளவு கண்டுபிடித்துவிடலாம்.

அதற்கு முன் ஒரு அடிப்படை. அடிபட்ட கார் என்றாலே ஒதுக்க வேண்டியதில்லை. பம்பர், பானட், முன் ஃபெண்டர், கதவு, டிக்கி மூடி எல்லாம் போல்ட்டில் மாட்டியவை. கழற்றிப் புதிதாக மாட்டினால் பாதுகாப்பு குறையாது. பில்லர் (கதவுகளை ஒட்டிக் கூரையைத் தாங்கும் தூண்), கூரை, தரைத்தகடு, எஞ்ஜினுக்கு இருபுறமும் நீளும் சேஸிஸ் ரெயில், பின்சக்கரத்துக்கு மேலுள்ள குவார்ட்டர் பேனல் ஆகியவை வெல்டிங்கில் இணைந்தவை. இவற்றை வெட்டி ஒட்டியிருந்தாலோ, இழுத்து நிமிர்த்தியிருந்தாலோதான் ஆபத்து.

பொலேரோ, இன்னோவா கிரிஸ்டா போன்ற சில வண்டிகளைத் தவிர இன்றைய கார்களில் தனி சேஸிஸ் கிடையாது, பாடியே எலும்புக்கூடு. மோதும்போது முன்ரெயில் மடிந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும், பில்லர்கள் மடியாமல் ஆட்களைக் காக்கும். ஒருமுறை மடிந்த ரெயிலை நிமிர்த்தினால் பார்வைக்கு நேராகிவிடும். அடுத்த மோதலில் கம்பெனி திட்டமிட்ட இடத்தில் மடியாது, ஏர்பேக் விரியும் நேரமும் தப்பலாம். பில்லரில் இருப்பது அதிக வலிமை கொண்ட ஸ்டீல். கேஸ் வெல்டிங்கில் பழுக்கக் காய்ச்சி இழுத்தால் அந்த வலிமை போய்விடும்.

கையில் வேண்டியவை

நல்ல டார்ச், 5 மீட்டர் டேப், ஃபிரிட்ஜ் மேக்னட், மெல்லிய துணி, நோட்டு. முடிந்தால் பெயின்ட் தடிமன் பார்க்கும் மீட்டர். சில ஆயிரம் ரூபாய்க்கு ஆன்லைனில் கிடைக்கிறது, தெரிந்த பெயின்டரிடம் இரவலும் வாங்கலாம். காலை வெயிலில், வண்டி உலர்ந்திருக்கும்போது பாருங்கள். ஈரம் இருந்தால் பெயின்ட் வித்தியாசம் தெரியாது. "வண்டியைக் கழுவ வேண்டாம், வந்து பார்க்கிறோம்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

படி 1: வண்டியைப் பார்க்கும் முன் காகிதம்

மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் பதிவு எண்ணைப் போட்டு, பதிவுத் தேதி, எத்தனையாவது உரிமையாளர், வண்டி மேல் கடன் பதிவு, இன்சூரன்ஸ் தேதி எல்லாம் ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறதா பாருங்கள்.

அடுத்து இன்சூரன்ஸ் பாலிசி. அதில் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காதவருக்கு பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) என்ற வரியைத் தேடுங்கள். ஒரு வருடம் கிளெய்ம் இல்லாவிட்டால் 20%, பிறகு 25, 35, 45 என்று ஏறி, ஐந்து வருடத்துக்கு 50% ஆகும். ஒரே உரிமையாளர் ஐந்து வருடமாக வைத்திருக்கும் வண்டியில் போனஸ் 0% என்றால், போன வருடம் கிளெய்ம் நடந்திருக்க வாய்ப்பு அதிகம். கிளெய்ம் ஃபைலைக் கேளுங்கள். என்னென்ன பாகம் மாற்றினார்கள் என்பது சர்வேயர் ரிப்போர்ட்டில் இருக்கும். போனஸ் உரிமையாளருக்குச் சொந்தமானது, வண்டிக்கு அல்ல. அதனால் அண்மையில் கைமாறிய வண்டியில் 0% இருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

ரிப்பேர் செலவு, பாலிசியில் வண்டியின் விலையாகக் குறித்த ஐ.டி.வி. மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் இன்சூரன்ஸில் அதை டோட்டல் லாஸ் என்பார்கள். அந்த உடைந்த வண்டி ஏலத்தில் போகும். அதை வாங்கி, டிங்கரிங் செய்து, மறுபடி சந்தைக்குக் கொண்டுவரும் ஆட்கள் இருக்கிறார்கள். சந்தை விலையைவிடக் கணிசமாகக் குறைந்து, இடையில் சில மாதம் இன்சூரன்ஸும் சர்வீஸும் விட்டுப்போன வண்டி என்றால் இந்தச் சந்தேகம் வர வேண்டும். கம்பெனி சர்வீஸ் சென்டர் ஹிஸ்டரியை விற்பவரையே எடுத்துத் தரச் சொல்லுங்கள். பாடி ஷாப் வேலை அங்கே நடந்திருந்தால் அதில் வரும்.

படி 2: பானட்டைத் திறங்கள்

முதலில் சேஸிஸ் நம்பர். 17 எழுத்தும் ஆர்.சி.யில் உள்ளதோடு ஒத்திருக்க வேண்டும். மாடலுக்கு மாடல் இடம் மாறும். எஞ்ஜினுக்குப் பின்னுள்ள தகட்டிலோ, முன் சீட்டுக்கு அடியிலோ பொறித்திருக்கும். நம்பரைச் சுற்றி வெல்டிங் கோடோ, உப்பலோ, அங்கே மட்டும் புதுப் பெயின்டோ இருந்தால் அத்தோடு கிளம்பிவிடுங்கள். வேறு வண்டியின் நம்பர் துண்டை வெட்டி ஒட்டியிருக்கலாம்.

பிறகு போல்ட் தலைகள். பானட் கீலிலும் ஃபெண்டரிலும் கம்பெனியில் போட்ட போல்ட்டின் மேல் பெயின்ட் உடையாமல் இருக்கும். ஸ்பேனர் பட்டிருந்தால் ஓரம் பெயர்ந்திருக்கும். கழற்றியது மட்டுமே குற்றமில்லை, ஏன் கழற்றினார்கள் என்று கேட்க வேண்டும்.

முக்கியமானது ரெயில். ஹெட்லைட்டுக்குப் பின்னால் இருபக்கமும் டார்ச் அடித்து இடதையும் வலதையும் ஒப்பிடுங்கள். சுருக்கம், சுத்தியல் தழும்பு, ஒருபக்கம் மட்டும் கறுப்புக் கோட்டிங் தடவியது, ஓட்டைகள் வட்டமாக இல்லாமல் நீண்டிருப்பது எல்லாம் இழுத்து நிமிர்த்தியதற்கான அடையாளங்கள். ரேடியேட்டரைத் தாங்கும் முன்சட்டம் மட்டும் மாற்றியிருந்தால் பயம் வேண்டாம். பல கார்களில் அது போல்ட்டில் கழலும்.

படி 3: பில்லர், கூரை. நம் ஊருக்கு இதுதான் முக்கியம்

டெல்டா சாலைகளில் இரவில் பின்விளக்கு இல்லாமல் போகும் டிராக்டர் டிரெய்லரும் வைக்கோல் வண்டியும் பெரிய ஆபத்து. கார் பின்னாலிருந்து மோதினால் டிரெய்லரின் தளம் பம்பருக்கு மேலாகப் புகுந்து பானட், கண்ணாடி, முன் பில்லர் வரை வந்துவிடும். அப்படி அடிபட்ட காரில் கீழே உள்ள ரெயில் சுத்தமாக இருக்கும். ரெயிலை மட்டும் பார்த்துவிட்டுத் தலையாட்டுபவர் இங்கேதான் ஏமாறுகிறார்.

கதவைத் திறந்து, பில்லரோடு ஒட்டியுள்ள பீடிங் ரப்பரை ஒரு சாண் அளவுக்கு மெல்ல உரித்துப் பாருங்கள். மறுபடி கையாலேயே அழுத்தினால் உட்கார்ந்துகொள்ளும், விற்பவர் மறுக்கக் காரணமில்லை. உள்ளே தகட்டின் விளிம்பில் வரிசையாகச் சின்னச் சின்ன வட்டக் குழிகள் தெரிய வேண்டும். சட்டைப் பட்டன் அளவு, ஏறக்குறைய ஒரே இடைவெளி. அதுதான் கம்பெனியின் ஸ்பாட் வெல்டிங். வட்டங்கள் காணாமல் பட்டியால் (பள்ளத்தை நிரப்பும் பசை) மெழுகியிருந்தாலோ, புழு ஊர்ந்ததுபோல் வெல்டிங் கோடு இருந்தாலோ, சாணைக்கல் தீற்றிய கீறல் இருந்தாலோ அந்தப் பில்லர் மாற்றப்பட்டது அல்லது வெட்டி ஒட்டப்பட்டது. நான்கு கதவிலும் இதே சோதனை. கதவுக்குக் கீழே நீளும் படிக்கட்டுப் பகுதியையும் விடாதீர்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் ஓடிய வண்டி என்றால் உப்புக்காற்றில் இந்த வெல்டிங் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். வெளியே பெயின்ட் கொப்புளமாகத் தெரியும்.

கூரையில் பட்டி இருந்தால் மேற்கொண்டு பேச்சே வேண்டாம். கூரைக்குப் பட்டி தேவைப்படுகிறது என்றால் வண்டி உருண்டிருக்கலாம், அல்லது மரமோ டிரெய்லரோ அழுத்தியிருக்கலாம். மூன்றுமே பில்லரைத் தொட்டிருக்கும்.

படி 4: பெயின்ட், கண்ணாடி

மீட்டர் இருந்தால் ஒவ்வொரு பேனலிலும் நாலைந்து இடத்தில் வைத்து நோட்டில் எழுதுங்கள். கம்பெனி பெயின்ட் பொதுவாக 90 முதல் 150 மைக்ரான். மறு பெயின்ட் என்றால் 200, 300 காட்டும். 500க்கு மேல் போனால் உள்ளே பட்டி. மீட்டர் இல்லையென்றால் மேக்னட்டைத் துணியில் சுற்றி மெல்ல நகர்த்துங்கள். பட்டி தடித்த இடத்தில் பிடி தளரும். பம்பர் பிளாஸ்டிக், அதில் இரண்டும் வேலை செய்யாது.

கண்ணாடிகளின் மூலையில் கம்பெனி முத்திரை இருக்கும். முன் கண்ணாடி கல்லடியில் உடைவது சகஜம். பக்கக் கண்ணாடி ஒன்று மட்டும் வேறு கம்பெனியாக இருந்தால் அந்தப் பக்கப் பில்லரை இன்னொரு முறை பாருங்கள்.

படி 5: டிக்கியும் அடிப்பகுதியும்

ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டுப் பள்ளத்தைப் பாருங்கள். தகடு சுருங்கியிருந்தால் பின்னால் பலமான அடி. அடிப்பகுதிக்கு, வாட்டர் சர்வீஸ் நிலையத்தில் லிஃப்டில் ஏற்றச் சொல்லுங்கள்.

ஒரு அளவு உங்கள் கையாலேயே எடுக்கலாம். ஸ்டியரிங்கை நேராக வைத்து, முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடு வரை டேப் பிடித்து இடம், வலம் இரண்டையும் அளந்து பாருங்கள். 5 மி.மீ. வரை அளப்பதில் வரும் பிழை என்று விடலாம். 10 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் என்றால் சஸ்பென்ஷனோ பாடியோ நகர்ந்திருக்கிறது.

படி 6: சீட் பெல்ட், ஏர்பேக்

வெளியே நன்றாகச் செய்த ரிப்பேரில்கூட இங்கே கைவைத்திருப்பார்கள். வெளியில் தெரியாத செலவு இது. ஏர்பேக், கண்ட்ரோல் யூனிட், பெல்ட் எல்லாம் புதிதாக மாற்றினால் சின்ன காருக்கே பல பத்தாயிரம் ரூபாய் ஆகும்.

சாவியை ஆன் செய்து, எஞ்ஜினை ஓட்டாமல் மீட்டரைப் பாருங்கள். ஏர்பேக் விளக்கு எரிந்து, சில விநாடியில் அணைய வேண்டும். அணையவில்லை என்றால் கோளாறு. எரியவே இல்லை என்றால் அதைவிட மோசம்: பல்பைக் கழற்றியிருக்கலாம். பிறகு எஞ்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது, ஆயில் விளக்கோ பேட்டரி விளக்கோ அணையும் அதே நொடியில்தான் இதுவும் அணைந்தால், அதன் வயரோடு இதைச் சேர்த்துக் கட்டியிருக்கலாம். ஏர்பேக் இருந்த இடத்தில் ஒரு சின்ன ரெசிஸ்டரைச் சொருகி விளக்கை ஏமாற்றுவதும் நடக்கிறது. விளக்கை மட்டும் நம்பாமல், நல்ல ஸ்கேனர் உள்ள ஒர்க்‌ஷாப்பில் ஏர்பேக் யூனிட்டைத் தனியாகப் படிக்கச் சொல்லுங்கள். விபத்தில் ஏர்பேக் விரிந்த யூனிட்டை அப்படியே விட்டிருந்தால் அந்தப் பதிவு அதில் இருக்கும். மலிவான புளூடூத் ரீடர்களில் பெரும்பாலும் எஞ்ஜின் கோடு மட்டுமே வரும்.

டாஷ்போர்டில் பயணி பக்க ஏர்பேக் மூடியைத் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு, நிறம், அழுத்தினால் வரும் இளக்கம் மற்ற இடத்தோடு ஒத்திருக்க வேண்டும். ஒரு தகவல்: டிரைவர் ஏர்பேக் புதிய கார்களில் கட்டாயமானது 2019 ஜூலையிலிருந்துதான். அதற்கு முந்தைய அடிப்படை மாடலில் இல்லாமலே இருக்கலாம். அந்த வேரியன்டில் உண்டா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

பெல்ட்டை முழுக்க வெளியே இழுங்கள். வளையம் உரசும் இடத்தில் உருகியதுபோல் பளபளப்போ, அலைபோல் நெளிவோ இருந்தால் விபத்தில் ஆளின் எடையைத் தாங்கிய பெல்ட் அது. மாற்றியே ஆக வேண்டும். விட்டதும் சரசரவென்று உள்ளே போக வேண்டும், சட்டென்று இழுத்தால் பூட்டிக்கொள்ள வேண்டும்.

படி 7: வாய்க்காலில் விழுந்த வண்டியா?

நம் பகுதியில் சாலை ஓரமெல்லாம் வாய்க்கால். மோதிய கார் கவிழ்ந்து தண்ணீரில் கிடந்திருந்தால் ஆபத்து இரட்டிப்பு. ஏர்பேக் கண்ட்ரோல் யூனிட் பல கார்களில் கியர் லீவருக்குப் பக்கத்தில், தரையோடு ஒட்டி இருக்கிறது. உள்ளே தண்ணீர் புகுந்தால் அது எளிதில் நனைந்துவிடும். முழுக்க இழுத்த பெல்ட்டின் அடிப்பாகத்தில் வண்டல் கறை, சீட் தண்டவாளத்தில் துரு, கார்ப்பெட்டுக்கு அடியில் காய்ந்த சேறு, ஒயர் கனெக்டரில் பச்சைக் களிம்பு ஆகியவற்றைத் தேடுங்கள். இருக்கை உறையை மாற்றிவிடுவார்கள், பெல்ட் சுருளின் உள்பக்கத்தைப் பெரும்பாலும் யாரும் கழுவுவதில்லை.

படி 8: ஓட்டிப் பார்த்து, அலைன்மென்ட் பாருங்கள்

தஞ்சாவூர்–திருச்சி நான்கு வழிச்சாலை போன்ற நேரான சாலையில் 80 வேகத்தில் ஸ்டியரிங்கை லேசாகப் பிடித்து ஓட்டுங்கள். நம் சாலை இடப்பக்கம் சரிவாக இருப்பதால் மெல்ல இடது போவது இயல்பு. வலது இழுத்தாலோ, நேராக ஓடும்போது ஸ்டியரிங் கோணலாக நின்றாலோ குறித்துக்கொள்ளுங்கள். ஆளில்லாத இடத்தில் 40 வேகத்தில் அழுத்தி பிரேக் போட்டால் ஒரு பக்கம் இழுக்கக்கூடாது.

அங்கிருந்து நேராக அலைன்மென்ட் கடைக்கு. எதையும் சரிசெய்வதற்கு முன் எடுக்கும் பிரின்ட்டைக் கேட்டு வாங்குங்கள். டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும் தப்பியிருந்தால் சரிசெய்துவிடலாம். கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரத்தின் சாய்வு), காஸ்டர் (பக்கத்திலிருந்து பார்த்தால் சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு) இரண்டையும் பெரும்பாலான சின்ன கார்களில் திருகிச் சரிசெய்ய வழியே கிடையாது. அவற்றில் இடத்துக்கும் வலத்துக்கும் அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஏதோ வளைந்திருக்கிறது. ஸ்ட்ரட், கீழ் ஆர்ம் போன்ற சஸ்பென்ஷன் பாகம் என்றால் மாற்றிவிடலாம். புதிதாக மாட்டியும் சரியாகாவிட்டால் வளைந்தது பாடி.

படி 9: எழுதி வாங்குங்கள்

"லேசா பம்பர்ல உரசுனதுதாண்ணே" என்று சொன்னால் அதையே எழுதித் தரச் சொல்லுங்கள்: பதிவு எண், சேஸிஸ் நம்பர், பில்லர், ரெயில், கூரையில் ரிப்பேர் இல்லை, ஏர்பேக் விரியவில்லை, வெள்ளத்தில் மூழ்கவில்லை என்ற வாசகம், தேதி, கையெழுத்து. வியாபாரியிடம் வாங்கி, பிறகு மறைத்தது தெரிந்தால், மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் செய்யலாம். தனிநபரிடம் நேரடியாக வாங்கினால் அந்த வழி பொதுவாகக் கிடையாது, சிவில் வழக்குதான். அங்கேயும் இந்தத் தாள் கைகொடுக்கும். எழுதித் தர மறுத்தால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்ட வண்டியில் இந்த அடையாளங்கள் தெரிந்தால், முதல் செலவு சீட் பெல்ட்டுக்கு. அடுத்து ஏர்பேக் யூனிட்டை ஸ்கேன் செய்து, குறையிருந்தால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் புதிய பாகமாகவே மாட்டுங்கள். பழைய மார்க்கெட் ஏர்பேக் வேண்டாம். பில்லரோ ரெயிலோ வெட்டி ஒட்டியது என்று உறுதியானால் அதில் குடும்பத்தோடு நெடுஞ்சாலைப் பயணம் போகாதீர்கள். விற்க நேர்ந்தால் வாங்குபவரிடம் உள்ளதைச் சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்றுவிடுங்கள்.