ரப்பர் மேல் பழி போடும் முன்

ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவரின் எம்ஜிபி ஜிடி, பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், சேலம் கோரிமேட்டில் உள்ள எங்கள் ஷெட்டுக்கு வந்தது. முன்கண்ணாடி ரப்பரை ஏற்கெனவே இரண்டு தடவை மாற்றிவிட்டார்களாம். மழையில் மலை இறங்கினால் இருபது கொண்டை ஊசி வளைவு முடிவதற்குள் கால்மிதி சொதசொத என்று நனைந்துவிடுகிறது. “ரப்பரே டூப்ளிகேட் தம்பி, வேற வரவழைக்கலாமா?” என்றார். கையில் பிடித்துப் பார்த்தேன். நல்ல ரப்பர்தான்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் முதலில் தடுக்கி விழுவது ஆர்டர் போடும்போதே. எம்ஜிபி என்று மட்டும் சொல்லி வாங்கக் கூடாது. 1962இல் வந்த திறந்த வண்டியில் கண்ணாடி அலுமினியச் சட்டத்துக்குள் உட்காரும். சட்டத்துக்கும் பாடிக்கும் நடுவே தனியாக இன்னொரு ரப்பர் உண்டு. 1965இல் வந்த கூரை வைத்த ஜிடியில் அந்தச் சட்டமே கிடையாது. பாடித் தகட்டின் ஓரத்தை ரப்பரின் ஒரு காடி (நீளப் பள்ளம்) கவ்வும், கண்ணாடியை மறு காடி கவ்வும். ஒன்றுக்கு வாங்கியது மற்றதற்கு ஆகாது.

கழற்றும்போது பழைய ரப்பரைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். வெளி உதட்டைக் கட்டர் கத்தியால் சுற்றிலும் அறுத்து எறியுங்கள். காப்பாற்ற வேண்டியது கண்ணாடியை. உள்ளிருந்து காலால் உதைத்துத் தள்ளுகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி உதைத்துக் கண்ணாடி விரிசல் விட்டதையும் பார்த்திருக்கிறேன்.

அடுத்து அந்தத் தகட்டு ஓரம். முக்கால்வாசித் தவறு இங்கேதான் நடக்கிறது. பெரியவர் வண்டியில் கீழ் மூலையில் யாரோ சிலிக்கான் பிதுக்கி வைத்திருந்தார்கள். நகத்தால் உரித்தால் ஜவ்வு மாதிரி வந்தது. அதோடு பெயின்டும் வந்தது, அடியில் துரு அப்பளமாக நொறுங்கியது. காயும்போது வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் அமிலத்தை வெளியேற்றும். வெறும் இரும்பில் பட்டால் துருவுக்கு அதுவே தீனி. மலை மேல் பனிமூட்டம் வேறு, ஈரம் காய்வதே இல்லை.

துருவைச் சுரண்டாமல் மேலே பட்டி பூசி பெயின்ட் அடித்தால் பார்வைக்குப் புதுசுதான். ஆனால் அந்த ஓரம் இரண்டு தகடுகளை ஸ்பாட் வெல்டில் ஒட்டியது. நடுவே துரு ஊறி உப்பினால் கண்ணாடியை அந்த ஒரே இடத்தில் நெருக்கும். மாட்டிய அன்று ஒன்றும் தெரியாது. பிறகு ஒரு நாள் சேலத்து வெயிலில் நிற்கும்போது மூலையிலிருந்து கோடு ஓடும், ‘தானா விரிஞ்சிடுச்சு’ என்பார்கள். துருப்பிடித்த தகட்டை வெட்டிப் புதிது வைப்பதே சரி. பெயின்ட் முழுசாகக் காயாமல் ரப்பரை ஏற்றவும் கூடாது. ரப்பர் இல்லாமல் கண்ணாடியைச் சும்மா வைத்து, சுற்றிலும் இடைவெளி சமமா என்று ஒரு தடவை பாருங்கள். புதுக் கண்ணாடி என்றால் வெர்னியர் அளவுகோல் வைத்துத் தடிமனையும் அளந்து பாருங்கள்; காடிக்குப் பொருந்தாவிட்டால் எத்தனை பேர் இழுத்தாலும் உட்காராது.

ரப்பர் வழுக்க வேண்டும் என்று கிரீஸோ இன்ஜின் ஆயிலோ தடவினால் நாளடைவில் அது ஊறிப் பருத்துவிடும். பாத்திரம் கழுவும் லிக்விட் பலவற்றில் உப்பு இருக்கிறது, அது தகட்டுக்கு ஆகாது. கட்டிச் சோப்பைக் கரைத்த தண்ணீர் போதும். விறைப்பான ரப்பரை வெயிலில் கொஞ்ச நேரம் போட்டால் இளகும். ஆனால் மாட்டும் வேலையை மாம்பழ சீசன் உச்சி வெயிலில் வைத்துக்கொண்டால் சோப்புத் தண்ணீர் பாதியிலேயே காய்ந்து பிடித்துக்கொள்ளும். நாங்கள் காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுவோம்.

ரப்பரை முதலில் கண்ணாடியில் ஏற்றி, தகடு கவ்வும் காடியில் மூன்று நான்கு மில்லிமீட்டர் தடிமனுள்ள நைலான் கயிற்றைச் சுற்றிவர விட்டு, நுனிகள் கீழ் நடுவில் ஒரு சாணாவது ஒன்றின் மேல் ஒன்று வருமாறு உள்பக்கம் தொங்கவிட வேண்டும். வெளியே ஒருவர் உள்ளங்கையால் அழுத்த, உள்ளே ஒருவர் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவ, உதடு தகட்டைத் தாண்டி விழும். கீழ் நடுவில் ஆரம்பித்து மூலைகள், பக்கங்கள், கடைசியில் மேல். அவசரமாக வெடுக்கென்று இழுத்தால் கயிறே ரப்பரை அறுத்துவிடும். அளவுக்கு வெட்டி ஒட்டுகிற பீடிங் (ரப்பர் பட்டை) என்றால் இழுத்துப் பிடித்து வெட்டாதீர்கள், ஒன்றரை சென்டிமீட்டராவது கூடுதலாக விடுங்கள். இழுத்தது ஒரு மாதத்தில் சுருங்கி இளித்துக்கொண்டு நிற்கும். இணைப்பை மூலையில் வைக்கவே கூடாது.

தண்ணீர் விட்டுப் பார்க்கும்போதும் ஒரு முறை இருக்கிறது. மேலிருந்து பீய்ச்சினால் எங்கே நுழைந்தது என்றே தெரியாது. குழாயை மெதுவாகத் திறந்து கீழிருந்து மேலே போக வேண்டும், உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்கார வேண்டும். பெரியவர் வண்டியில் அப்படித்தான் செய்தோம். ரப்பரைச் சுற்றி ஒரு சொட்டு இல்லை. கண்ணாடிக்குக் கீழே ஹீட்டருக்குக் காற்று போகும் ஜாலியில் (துளைத் தட்டில்) தண்ணீர் விட்டதும் பையன் உள்ளேயிருந்து கத்தினான்: “அண்ணே, காலு நனையுது!”

ஜாலிக்கு அடியில் உள்ள தொட்டியிலிருந்து கியர்பாக்ஸ் பக்கமாகத் தண்ணீர் இறங்க ஒரு ரப்பர் குழாய் உண்டு. தோட்டத்தில் வண்டி நிற்பது சில்வர் ஓக் மரத்தடியில். குழாயில் கம்பி விட்டு இழுத்தால், மட்கிய இலை ஒரு கைப்பிடி வந்தது.