கன்னத்துச் செல் ஸ்லைடு தெளிவாக வர

முதலில் வாயை நன்றாகக் கொப்பளியுங்கள்; இல்லையென்றால் நுண்ணோக்கி லென்ஸில் சோற்றுத் துணுக்குதான் தெரியும். பல்குத்தியின் மழுங்கிய முனையால் கன்னத்தின் உட்புறத்தை மெதுவாக வழித்து, ஸ்லைடில் விட்ட ஒரு சொட்டு 0.9% உப்புக் கரைசலில் பரப்புங்கள். வெறும் தண்ணீர் விட்டால் செல் உப்பிவிடும்.

மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயம் ஒரே சொட்டு விட்டு, 2 நிமிடம் காத்திருங்கள். பெரும்பாலும் சொதப்புவது இங்கேதான்: சாயம் கூடினால் உட்கருவும் அதைச் சுற்றியுள்ள சைட்டோபிளாசமும் ஒரே நீலமாகிவிடும். மிச்சத்தை ஓரத்தில் வடிதாள் வைத்து உறிஞ்சுங்கள். மேலே மூடும் மெல்லிய கண்ணாடியான கவர் ஸ்லிப்பைச் சாய்த்து இறக்குங்கள்.

10 மடங்கு ஆப்ஜெக்டிவில் (ஸ்லைடுக்கு அருகிலுள்ள லென்ஸ்) தேடிவிட்டு 40-க்குப் போங்கள். தடித்த கறுப்பு விளிம்போடு கச்சிதமான வட்டமா? அது காற்றுக்குமிழ். ஓரம் மடிந்த, ஒழுங்கற்ற தட்டை வடிவம், உள்ளே கருநீலப் புள்ளி என்றால் அதுதான் கன்னத்தின் உட்புறத்தை மூடியிருக்கும் எபிதீலியச் செல்.