ஓவியப் பாதுகாப்பு பயில்வோருக்கு ஒரு பயிற்சிப் பலகை

பழைய ஓவியத்தில் கை வைக்கும் முன், முட்டை வண்ணத்தில் (மஞ்சள்கருவில் நிறமி குழைத்த வண்ணம்) ஒரு சின்னப் பலகையாவது நீங்களே செய்து பாருங்கள். வஜ்ஜிரத்தை, அதாவது விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் பசையை, இரவே நீரில் ஊறவைத்து, மறுநாள் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து இளக்குங்கள். கொதித்தால் பிடிப்புப் போச்சு. நைசான சுண்ணக்கட்டித் தூளை அதில் கலந்து பலகைமேல் மெல்லிய பூச்சுகளாக ஏற்றுங்கள். வேகமாகக் கலக்கினால் குமிழி புகுந்து, காய்ந்ததும் ஊசி குத்திய மாதிரி ஓட்டை தெரியும். அப்புறம் மஞ்சள்கருவின் சவ்வைக் கிள்ளித் தூக்கிக் குத்தினால் உள்ளிருப்பது மட்டும் வழியும். நீரில் அரைத்த காவிமண்ணோடு கலந்தால் வண்ணம் தயார். (ஈயவெள்ளை, சாதிலிங்கம் என்னும் பாதரசச் சிவப்பு போன்ற நச்சு நிறமிகள் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம்.) ஒவ்வொரு அடுக்கிலும் ஓரமாக ஒரு விரலகலம் மூடாமல் விடுங்கள். ஈரப் பஞ்சை எந்த அடுக்கு எவ்வளவு தாங்கும் என்று அங்கேயே சோதிக்கலாம்.