குமரியில் துப்பறியும் தொடர் எடுக்க வருகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் மார்த்தாண்டத்தில் ஒரு புது டீம் ஆள் தேர்வு நடத்தியதைப் பார்த்தேன். ஐந்து வரிக்கு மேல் வசனம் இருந்தால் சென்னை நடிகர், அதற்குக் கீழே என்றால் உள்ளூர் ஆள் என்று அங்கே ஒரு தம்பி பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார். நானும் முன்பு அப்படித்தான் போட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். பேட்டரியை சார்ஜ் போட மறக்காதே என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

வசனத்தை எண்ணி ஆள் போடுவது

துப்பறியும் கதையில் இரண்டாவது சீனில் டீ கிளாஸை நீட்டிவிட்டுப் போகிறவர்தான் கிளைமாக்ஸில் வந்து கொலைகாரனைக் கை காட்டுவார். ஒரே ஒரு வரி பேசுவார், ஆனால் கதையே அவர் தலையில் நிற்கும். எங்கள் எபிசோடில் அந்த வேஷத்துக்கு, குமரியின் மேற்குக் கரையில் இருக்கிற தூத்தூரிலிருந்து ஒரு மீனவ அண்ணனைப் பிடித்தோம். அருமையான முகம், கேமராவைக் கண்டு கூச்சமே இல்லை. ஜூலையில் முதல் சீனை எடுத்து முடித்தோம். கதாநாயகனின் கால்ஷீட் தள்ளிப்போனதால் கிளைமாக்ஸ் ஆகஸ்டுக்குப் போய்விட்டது. அவர் வீட்டுக்கு ஆள் அனுப்பினால், "அவரு கடலுக்குப் போயாச்சே" என்கிறார் அவர் மனைவி.

மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை. அந்த இரண்டு மாதம்தான் அவர் கரையில் சும்மா இருந்தார். ஆழ்கடலுக்குப் போகிற தூத்தூர்க்காரர்கள் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும். இதை எங்களில் ஒருவரும் கேட்கவில்லை, அவரிடம் "ஆகஸ்டில் இருப்பீர்களா அண்ணே" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். வேறு ஆளைப் போட்டு டீக்கடை சீனை முழுக்க மறுபடி எடுத்தோம், இரண்டு நாள் வாடகையும் பேட்டாவும் போச்சு. இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

ஸ்கிரிப்ட் கைக்கு வந்ததும், யாரெல்லாம் பிறகு திரும்பி வருகிறார்கள் என்று முதலில் குறித்துவிடுங்கள். அவர்களின் சீன்களை அடுத்தடுத்த நாட்களில் எடுங்கள். ஆளின் தொழிலைக் கேளுங்கள். ரப்பர் பால் வெட்டுகிறவரைக் காலை ஆறு மணிக்கு வரச் சொன்னால் அவர் எப்படி வருவார்?

நெல்லைத் தமிழே போதும் என்று நினைப்பது

போதாது. குமரிக்குள்ளேயே நாஞ்சில் நாட்டுப் பேச்சு வேறு, மலையாளம் கலந்த விளவங்கோட்டுப் பேச்சு வேறு. பேச்சை வைத்து ஊரைக் கண்டுபிடிக்கிற சீன் இருந்தால் இங்கே ஒரு குழந்தைகூடத் தப்பைப் பிடித்துவிடும்.

அரண்மனைக்குத் தப்பான வாசலில் நிற்பது

பத்மநாபபுரம் அரண்மனை தக்கலைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் பராமரிப்பது கேரள அரசின் தொல்லியல் துறை. நாகர்கோவிலில் வாங்கிய அனுமதிக் கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே போய் நிற்காதீர்கள். திங்கள்கிழமை விடுமுறை வேறு.

முப்பந்தலில் நேரடி ஒலிப்பதிவு

காற்றாலை நிற்கிற ஊர். டப்பிங் போடுங்கள்.

மழையை மறப்பது

தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. காலையில் காய்ந்த மண்ணில் பதித்த கால்தடம் மத்தியானம் சேறாகிவிடும். அந்தக் கால்தடம்தான் தடயம் என்றால், நெருக்கத்தில், தூரத்தில், துப்பறிபவர் குனிந்து பார்ப்பது என்று அது வருகிற எல்லா ஷாட்டையும் ஒரே மூச்சில் எடுத்துவிட்டு அப்புறம் சாப்பிடப் போங்கள்.