ஹாம் ரேடியோ தொடங்க: செட் வாங்கும் முன் கிளப்புக்குப் போங்கள்

லைசென்ஸ் பெற்றவர்கள் பொழுதுபோக்காக ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் ரேடியோதான் ஹாம் ரேடியோ. அதில் ஆர்வம் வந்ததும் எல்லோரும் முதலில் கேட்பது, "எந்த செட் வாங்கலாம்?" என்றுதான். இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம் என்பதே என் பதில். முதலில் பக்கத்தில் இருக்கும் ஹாம் கிளப்பைத் தேடிப் போங்கள். ரேடியோ இயக்குவது, பழகியவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துக் கற்க வேண்டிய வேலை. எந்த நேரத்தில் எந்தப் பேண்ட் திறக்கும் (எந்த அலைவரிசைப் பகுதியில் தூரத்து நிலையங்கள் கேட்கும்), இரைச்சலுக்குள் கிடக்கும் குரலை எப்படிப் பிரித்துக் கேட்பது, எப்போது மைக்கைத் தொடாமல் இருப்பது என்பதையெல்லாம் தனியாகக் கற்க வருடங்கள் ஆகும். கிளப்பில் சில மாலைகள் உட்கார்ந்தாலே பாதி பிடிபட்டுவிடும்.

லைசென்ஸ் இல்லாத ஒருவர், சொந்தக் கால் சைனில் (நிலையத்தின் அடையாளக் குறியீட்டில்) பேசும் நிலைக்கு எப்படி வரலாம் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: கொஞ்ச நாள் கேளுங்கள்

லைசென்ஸ் முக்கியமாகப் பேசுவதற்குத்தான். வெறுமனே கேட்பதற்குப் பல நாடுகளில் அது தேவையில்லை. உங்கள் நாட்டு விதியை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்பதற்கு ரிசீவர் கூட வாங்க வேண்டியதில்லை. நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் ஒரு வெப்எஸ்டிஆர், அதாவது இணையம் வழியாகக் கேட்கும் ரிசீவர், இருக்கிறது. அங்கே ஆன்டெனாவில் வந்து விழும் சிற்றலைகளை, இங்கிருந்தே பிரவுசரில் நீங்கள் விரும்பிய இடத்துக்குத் திருப்பிக் கேட்கலாம். 7.000 முதல் 7.200 மெகாஹெர்ட்ஸ் வரை 40 மீட்டர் பேண்ட். 14.000 முதல் 14.350 வரை 20 மீட்டர் பேண்ட். குரல் பேச்சு பெரும்பாலும் எஸ்எஸ்பி முறையில் இருக்கும். அதில் இரண்டு வகை உண்டு: 40 மீட்டரில் எல்எஸ்பி, 20 மீட்டரில் யுஎஸ்பி என்று வைப்பது வழக்கம். குரல் வாத்து கத்துவது போல வந்தால் பயப்பட வேண்டாம். அலைவரிசையை மெல்ல மெல்ல நகர்த்துங்கள். ஓரிடத்தில் அது மனிதக் குரலாகிவிடும். இந்தக் கைப்பழக்கம் ஒன்றுக்காகவே ஒரு வாரம் ஒதுக்கலாம்.

அப்புறம் 14.100 மெகாஹெர்ட்ஸில் சிடபிள்யூ (மோர்ஸுக்கான) முறையில் நின்று பாருங்கள். உலகம் முழுக்கப் பரவிய 18 பீக்கன்கள் (தானாகவே சிக்னல் அனுப்பும் நிலையங்கள்) கொண்ட ஒரு அமைப்புக்காக ஒதுக்கிய இடம் அது. ஒவ்வொன்றும் பத்து விநாடி எடுத்துக்கொள்ளும், மூன்று நிமிடத்தில் ஒரு சுற்று முடியும். ஒவ்வொரு பீக்கனும் தன் கால் சைனை மோர்ஸில் அனுப்பிவிட்டு நான்கு நீண்ட ஒலிகளை அனுப்பும். முதல் ஒலி 100 வாட், அடுத்தது 10 வாட், பிறகு 1 வாட், கடைசியில் 0.1 வாட். சில நாட்களில் அந்தக் கடைசி ஒலி கூடக் காதில் விழும். ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு, கடல் தாண்டி! பவர் அதிகம் இருந்தால்தான் தூரம் போகும் என்ற எண்ணத்தை அந்தப் பத்து விநாடி மாற்றிவிடும்.

படி 2: கிளப்பைக் கண்டுபிடியுங்கள்

1925-இல் பாரிஸில் தொடங்கிய சர்வதேச அமெச்சூர் ரேடியோ யூனியனில் இன்று 160-க்கும் மேற்பட்ட தேசிய சங்கங்கள் உறுப்பினர்கள். அதன் இணையதளத்தில் உங்கள் நாட்டுச் சங்கத்தைப் பார்க்கலாம். அந்தச் சங்கத்திடம் கேட்டால் பக்கத்துக் கிளப் தெரிந்துவிடும். இன்னொரு வழியும் உண்டு. உங்கள் பகுதியில் இருக்கும் ரிப்பீட்டரை (பேச்சை வாங்கித் திருப்பி அனுப்பும் நிலையத்தை) யார் நடத்துகிறார்கள் என்று விசாரியுங்கள். பெரும்பாலும் அது ஒரு கிளப்பாகத்தான் இருக்கும். பொறியியல் கல்லூரிகளிலும் சாரணர் அமைப்புகளிலும் கூட ஹாம் நிலையங்கள் உண்டு.

தொடர்பு கிடைத்ததும் நீண்ட அறிமுகம் எழுத வேண்டாம். "நான் புதியவன், லைசென்ஸ் இல்லை, உங்கள் ஸ்டேஷன் இயங்கும் நாளில் வந்து பார்க்கலாமா?" என்று கேட்டால் போதும். 'இயங்கும் நாளில்' என்பது முக்கியம். கணக்கு வழக்கு பேசும் கூட்டத்தில் உட்கார்ந்தால் ரேடியோவைப் பற்றி ஒன்றும் தெரியாது.

படி 3: முதல் நாள்

ஸ்டேஷனில் இயக்குபவருக்குப் பின்னால் நிற்காமல், பக்கத்தில் உட்கார இடம் கேளுங்கள். இன்னொரு ஹெட்போன் இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள். ஒரு தாளில், காதில் விழும் கால் சைன்களை எழுதிக்கொண்டே வாருங்கள். முதலில் அரைகுறையாகத்தான் வரும். ஆல்ஃபா, பிராவோ, சார்லி, டெல்டா என்று நீளும் ஒலிப்பு எழுத்துகளைப் போவதற்கு முன்பே மனப்பாடம் செய்திருந்தால் அந்த மாலை மிகப் பயனுள்ளதாக இருக்கும். கால் சைனின் முன்பகுதியே நாட்டைச் சொல்லிவிடும். விக்டர் யுனிஃபார்ம் என்று தொடங்கினால் இந்தியா, ஃபோர் சியரா என்றால் இலங்கை, நைன் மைக் என்றால் மலேசியா, ஜூலியட் ஆல்ஃபா என்றால் ஜப்பான்.

அங்கே கேட்க வேண்டிய கேள்விகள் சில. தேர்வுக்கு வகுப்பு எடுக்கிறார்களா? ரிப்பீட்டரின் அலைவரிசை, டோன் (படி 6-இல் சொல்கிறேன்) என்ன? புதியவர்களுக்கு செட் இரவல் தருவார்களா? லைசென்ஸ் இல்லாதவர் மேற்பார்வையில் இரண்டு வார்த்தை பேச விதி அனுமதிக்கிறதா? இந்தக் கடைசி விஷயம் நாட்டுக்கு நாடு மாறும், ஆகவே அவர்கள் சொல்லாமல் மைக்கைத் தொடக் கூடாது.

கிளப்பை எடைபோட எனக்கு ஒரே அளவுகோல்தான்: புதியவர் கேட்கும் அடிப்படைக் கேள்விக்கு யாராவது எழுந்து வந்து செய்து காட்டுகிறார்களா? காட்டினால், ஸ்டேஷனில் பழைய செட் இருந்தாலும் அது நல்ல கிளப். விலை உயர்ந்த கருவிகள் வரிசையாக இருந்தும் யாரும் உங்களைத் தொட விடவில்லை என்றால் வேறு கிளப் பாருங்கள்.

லைசென்ஸ் இல்லாமலே முழுதாகக் கலந்துகொள்ளக் கூடிய ஒன்று, ஃபாக்ஸ் ஹன்ட். யாரோ ஒளித்து வைத்த சிறிய டிரான்ஸ்மிட்டரைச் சிக்னலை வைத்தே தேடிப் பிடிக்கும் போட்டி. ரிசீவரை நெஞ்சோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு மெல்ல ஒரு சுற்று சுற்றுங்கள். எந்தப் பக்கம் திரும்பும்போது சிக்னல் மிகக் குறைகிறதோ, டிரான்ஸ்மிட்டர் அப்போது உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. உங்கள் உடலே அலையை மறைக்கிறது. ரேடியோ அலை எப்படிப் பரவுகிறது என்பதை இவ்வளவு நேரடியாக வேறெதுவும் சொல்லித் தராது.

படி 4: தேர்வு

பல நாடுகளில் லைசென்ஸ் இரண்டு அல்லது மூன்று நிலைகளில் கிடைக்கும். முதல் நிலையில் தொடங்குங்கள். மோர்ஸ் தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே இயக்க மோர்ஸ் கட்டாயம் என்ற சர்வதேச விதி 2003-இல் நீங்கியது, இப்போது அந்தந்த நாட்டின் முடிவு. பிற்பாடு ஆசைக்குக் கற்றுக்கொள்ளுங்கள், மிக இனிமையான பேச்சு அது.

பாடம் இரண்டு பகுதி: விதிகள், அடிப்படை மின்னியல். விதிகளை மனப்பாடம் செய்யலாம். மின்னியலை அப்படிச் செய்யாதீர்கள், கிளப்பில் இருக்கும் கருவியோடு சேர்த்துப் படியுங்கள். 100 வாட் செட் ஒன்று 13.8 வோல்ட்டில் ஏறக்குறைய 20 ஆம்பியர் இழுக்கும். பெருக்கிப் பாருங்கள், 276 வாட் உள்ளே போய் 100 வாட் வெளியே வருகிறது. மீதி எங்கே போகிறது? செட்டின் பின்பக்கம் கையை வைத்தால் தெரியும், சூடாக இருக்கும். பவரின் ஏற்ற இறக்கத்தைச் சொல்லும் டெசிபலும் அப்படித்தான். 3 டெசிபல் இழப்பு என்றால் பாதி பவர் காலி. செட்டையும் ஆன்டெனாவையும் இணைக்கும் நீளமான மெல்லிய கோஆக்ஸ் கேபிளில் அது சர்வ சாதாரணமாக நடக்கும்.

படி 5: இப்போது செட், ஆனால் ஆன்டெனாதான் முக்கியம்

லைசென்ஸ் கையில் வந்த பிறகு வாங்கலாம். 2 மீட்டர், 70 சென்டிமீட்டர் பேண்டுகளில் வேலை செய்யும் 5 வாட் ஹேண்டி (கையடக்க செட்) ஒன்று போதும். கிளப்பில் பலர் வைத்திருக்கும் மாடலையே வாங்குங்கள். புரோகிராம் செய்யத் தெரிந்தவர் பக்கத்திலேயே இருப்பார்.

ஹேண்டியோடு வரும் குட்டை ரப்பர் ஆன்டெனா சுமாரானது. காசு மிச்சம் இருந்தால் அதை வாட்டில் போடாதீர்கள், ஆன்டெனாவில் போடுங்கள். அதைவிட நல்லது, நீங்களே ஒன்று செய்வது. 300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். 145 மெகாஹெர்ட்ஸுக்கு அது சுமார் 2.07 மீட்டர். கால் பங்கு ஏறக்குறைய 52 சென்டிமீட்டர், கம்பிக்கு ஐந்து சதவீதம் போலக் குறைத்தால் 49. கேபிள் மாட்டும் ஒரு எஸ்ஓ-239 சாக்கெட்டின் நடு முனையில் 49 சென்டிமீட்டர் கம்பியை நிமிர்த்திச் சால்டர் செய்யுங்கள். நான்கு மூலைகளிலும் 52 சென்டிமீட்டர் கம்பிகளைத் திருகி, 45 டிகிரி கீழே வளையுங்கள். கம்பிகளை அப்படிச் சரித்தால்தான் ஆன்டெனாவின் இம்பிடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்கான தடை) கேபிளின் 50 ஓமுக்குப் பக்கத்தில் வரும். கிரவுண்ட் பிளேன் ஆன்டெனா தயார்.

நடுக் கம்பியைக் கொஞ்சம் நீளமாகவே விட்டு, கிளப்பின் ஆன்டெனா அனலைசரில் மாட்டிப் பார்த்து, மில்லிமீட்டர் கணக்கில் நறுக்கி வாருங்கள். எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனாவும் கேபிளும் எவ்வளவு பொருந்துகின்றன என்பதைக் காட்டும் எண்) 1.5-க்குக் கீழே வந்தால் நிறுத்திக்கொள்ளலாம். 1.1-ஐத் துரத்துவதில் பயனில்லை, கேட்பவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. உயரமாக ஏற்றுவதில் அந்த நேரத்தைச் செலவிடுங்கள். இந்தப் பேண்டுகளில் அலை பெரும்பாலும் நேர்கோட்டில் போவதால் ஒவ்வொரு மீட்டர் உயரமும் பலன் தரும்.

ஒரு எச்சரிக்கை, இதில் சமரசமே கூடாது. ஆன்டெனா சரிந்து விழுந்தாலும் மின்கம்பியைத் தொட முடியாத தூரத்தில்தான் அதை நிறுத்த வேண்டும். தனியாக மாடி ஏற வேண்டாம். இடி மின்னல் வருவதற்கு முன்பே கேபிளைக் கழற்றிவிடுங்கள்.

படி 6: முதல் பேச்சு

ரிப்பீட்டர் என்பது உயரமான இடத்தில் இருக்கும் நிலையம். ஒரு அலைவரிசையில் கேட்டு, அதே நேரத்தில் இன்னொன்றில் அதிகப் பவரில் திருப்பி அனுப்பும். 2 மீட்டரில் இரண்டுக்கும் இடைவெளி பொதுவாக 600 கிலோஹெர்ட்ஸ். ரிப்பீட்டரை 145.700-இல் கேட்கிறீர்கள் என்றால், உங்கள் செட் 145.100-இல் அனுப்ப வேண்டியிருக்கும். கூடவே 88.5 ஹெர்ட்ஸ் போன்ற காதில் படாத தாழ்ந்த டோன் ஒன்றும் போக வேண்டும். நன்றாகக் கேட்கிறது, ஆனால் நீங்கள் பேசினால் யாரும் பதில் சொல்லவில்லை என்றால், முதலில் இந்த இரண்டையும் சரிபாருங்கள்.

பேசும் முன் ஒரு நிமிடம் கேளுங்கள். பிடிடி (அழுத்திப் பேசும்) பட்டனை அழுத்தி, ஒரு விநாடி விட்டுத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் முதல் எழுத்து வெட்டுப்படும். வாயிலிருந்து மைக் நான்கைந்து சென்டிமீட்டர் தள்ளி இருக்கட்டும். கத்த வேண்டாம். ரிப்பீட்டரில் சிக்யூ (யாராவது பதில் தாருங்கள் என்ற பொது அழைப்பு) கூப்பிடுவது வழக்கமில்லை. உங்கள் கால் சைனைச் சொல்லி "கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்றால் போதும். பதில் வந்தால்:

"வணக்கம், நன்றாகக் கேட்கிறது. என் பெயர் இது, இன்ன இடத்திலிருந்து பேசுகிறேன், ஹேண்டியில் 5 வாட். இது என் முதல் தொடர்பு. என் சிக்னல் எப்படி இருக்கிறது? ஓவர்."

முதல் தொடர்பு என்று சொல்லத் தயங்காதீர்கள். அந்த வார்த்தைக்கு ஹாம்களிடம் கிடைக்கும் வரவேற்பே தனி. அவர் முடித்ததும் உடனே பட்டனை அழுத்தாமல் இரண்டு விநாடி விடுங்கள். அவசரச் செய்தி வைத்திருப்பவர் நுழைய வழி அந்த இடைவெளிதான். விடைபெறும்போது 73, அதாவது வாழ்த்துகள்.

இதற்கும் கூச்சமாக இருந்தால் கிளப்பின் வாராந்திர நெட்டில் (ரேடியோவிலேயே எல்லோரும் கூடும் சந்திப்பில்) செக்-இன் செய்யுங்கள். நெட் கண்ட்ரோல் (அதை நடத்துபவர்) கூப்பிடும்போது கால் சைனும் பெயரும் சொன்னால் போதும், உங்கள் முறை வரும்போது அவரே அழைப்பார்.

படி 7: கிளப் ஸ்டேஷனில் இருந்து தூரத்துக்கு

சிற்றலைக்குச் சொந்த செட் வாங்கும் முன், உங்கள் லைசென்ஸ் நிலை அனுமதித்தால் கிளப் ஸ்டேஷனில் சில இரவுகள் இயக்கிப் பாருங்கள். 40 மீட்டர் பகலில் சில நூறு கிலோமீட்டர் தரும், இரவில் ஆயிரக்கணக்கில் நீளும். 20 மீட்டர் பகலில் கண்டம் தாண்டும். 10 மீட்டர் சூரியனை நம்பியது. ஏறக்குறைய 11 வருடச் சூரியச் சுழற்சியில் உச்சம் வரும்போது சில வாட்டிலேயே உலகைச் சுற்றும், தாழ்ந்திருக்கும்போது நாள் கணக்கில் ஓய்ந்து கிடக்கும்.

உங்களுக்கென்று ஆன்டெனா கட்ட, 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுங்கள். 7.1-க்கு 20 மீட்டர் சொச்சம் வரும், நடுவில் வெட்டி இரண்டு பத்து மீட்டர் கம்பிகளாக்கினால் டைபோல். முதல் டைபோலுக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

ஒவ்வொரு தொடர்பையும் லாகில் எழுதுங்கள்: தேதி, யுடிசி (உலகப் பொது) நேரம், அலைவரிசை, முறை, எதிர்நிலையத்தின் கால் சைன், கொடுத்த ரிப்போர்ட் (சிக்னல் மதிப்பீடு), வாங்கிய ரிப்போர்ட். 59 என்றால் தெளிவு ஐந்துக்கு ஐந்து, வலிமை ஒன்பதுக்கு ஒன்பது. உண்மையில் 43-ஆக இருந்தால் 43 என்றே கொடுங்கள். மறுமுனையில் இருப்பவர் புது ஆன்டெனாவைச் சோதித்துக்கொண்டிருக்கலாம், அவருக்கு உங்கள் நேர்மையான எண்தான் வேண்டும்.

சில மாதம் கழித்து கிளப் நெட்டுக்கு ஒரு வாரம் நெட் கண்ட்ரோலாக இருக்கிறேன் என்று நீங்களே கேளுங்கள். பலவீனமான நிலையத்தை முதலில் அழைப்பது, இருவர் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் பிரித்தெடுப்பது, செய்தியைப் பிசகாமல் திருப்பிச் சொல்லி உறுதி செய்வது எல்லாம் அங்கே பழகும். புயலிலோ வெள்ளத்திலோ தொலைபேசி வேலை செய்யாத நாளில் கிளப் உங்களைக் கூப்பிடுவதும் இந்த வேலைக்குத்தான்.