இணையதளத்தின் தரவுத்தளச் சேவையகத்தை நம்பகமாக நடத்துவது எப்படி

இணையதளம் ஒன்றின் பின்னால் ஓடும் தரவுத்தளச் சேவையகத்தின் பொறுப்பை ஏற்பவர், மென்பொருளைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். சேவையகம் அடியோடு அழிந்துபோனால், கடைசி எத்தனை நிமிடத் தரவை இழக்கத் தளம் தாங்கும்? அது மீண்டும் எழுந்து நிற்க எத்தனை மணி நேரம் ஆகலாம்? கட்டுரைகளை வெளியிடும் தளம் ஒரு நாள் தரவு போனாலும் சமாளித்துக்கொள்ளும். பணம் கைமாறும் தளத்திற்கு ஒரு நிமிட இழப்பே பெரிது. காப்புநகல், ரெப்ளிகா (முதன்மைச் சேவையகத்தின் மாற்றங்களை உடனுக்குடன் பெறும் இரண்டாம் சேவையகம்), வன்பொருள் ஆகிய எல்லாவற்றின் செலவும் இந்த விடைகளைப் பொறுத்தே அமைவதால், தள உரிமையாளரிடம் கேட்டு அவற்றை எழுத்திலேயே வாங்கிக்கொள்வது நல்லது.

மென்பொருள் தேர்வைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல், 2009-இல் அதிலிருந்து கிளைத்த மரியாடிபி ஆகிய மூன்றுமே பல்லாண்டுகள் அடிபட்டுத் தேறிய திறமூல மென்பொருள்கள். வேர்ட்பிரஸ் போன்ற ஆயத்தத் தள மென்பொருள் ஒன்றில் தளம் இயங்கினால் பின்னிரண்டில் ஒன்றையும், புதிதாக எழுதப்படும் தளமென்றால் போஸ்ட்கிரெஸையும் எடுத்துக்கொள்ளலாம் என்பது என் சாய்வு. குழுவுக்கு ஏற்கெனவே கைபழகிய ஒன்று இருந்தால் அதுவே முதன்மை பெறட்டும். பதிப்பு எதுவானாலும் அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் இன்னும் வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். போஸ்ட்கிரெஸின் ஒவ்வொரு பெரும் பதிப்புக்கும் 5 ஆண்டுகள் திருத்தங்கள் கிடைக்கும், மைஎஸ்கியூஎல் 5.7-க்கான ஆதரவு 2023 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. மைஎஸ்கியூஎல்லில் எழுத்துக் குறியாக்கத்தை யுடிஎஃப்8எம்பி4 என்றே வைக்க வேண்டும். வெறும் யுடிஎஃப்8 என்று எழுதினால் நெடுங்காலமாக அது ஓர் எழுத்துக்கு 3 பைட் மட்டுமே ஒதுக்கும் பழைய வடிவத்தையே குறித்து வந்திருக்கிறது. தமிழ் எழுத்துகள் 3 பைட்டுக்குள் அடங்கிவிடுவதால் சோதனையின்போது எல்லாம் சரியாகவே தெரியும்; முதல் பயனர் ஓர் எமோஜியை இடும்போதுதான் பிழை வெளிவரும்.

நிறுவியவுடன் வரும் இயல்பு அமைப்புகள் சிறிய கணினியை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. தரவை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் இடங்களான போஸ்ட்கிரெஸின் ஷேர்டு பஃபர்ஸ், மைஎஸ்கியூஎல்லின் சேமிப்பு இயந்திரமான இன்னோடிபியின் பஃபர் பூல் இரண்டுமே இயல்பாக 128 எம்பி அளவில்தான் இருக்கும். தரவுத்தளத்துக்கென்றே ஒதுக்கிய கணினியில் முன்னதை மொத்த நினைவகத்தில் கால் பங்குக்கும், பின்னதைப் பாதிக்கு மேல் முக்கால் பங்கு வரையிலும் உயர்த்தலாம். இணைப்புகளின் எண்ணிக்கையை உயர்த்துவதில் மட்டும் தயக்கம் தேவை. போஸ்ட்கிரெஸ் ஒவ்வோர் இணைப்புக்கும் தனிச் செயல்முறை ஒன்றைத் தொடங்குவதால், 100 என்ற இயல்பு வரம்பை 1000 ஆக்குவதைவிட, இணைப்புகளைப் பகிர்ந்தளிக்கும் பிஜிபவுன்சர் என்ற கருவியை முன்னால் வைத்து, நூற்றுக்கணக்கான கோரிக்கைகளைச் சில பத்து இணைப்புகளுக்குள் அடக்குவதே பலன் தரும். எழுதியது வட்டில் சேர்ந்ததை உறுதிசெய்யும் எஃப்சிங்க்கை வேகத்துக்காக அணைக்கச் சொல்லும் அறிவுரை எங்கே கண்ணில் பட்டாலும் அதைக் கடந்து போய்விடுங்கள். மின்சாரம் ஒருமுறை போனால் தரவுத்தளம் முழுவதுமே சிதைந்துபோகக்கூடும்.

காப்புநகல் விஷயத்தில்தான் பெரும்பாலான சேவையகங்கள் தோற்கின்றன. 2017 ஜனவரி 31 அன்று நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், ரெப்ளிகா என்று எண்ணி முதன்மைச் சேவையகத்தின் தரவுக் கோப்புறையை அழித்துவிட்டார். பிழையை உணர்ந்து நிறுத்துவதற்குள் ஏறத்தாழ 300 ஜிபி தரவு போய்விட்டது. அவர்களிடம் காப்புநகலுக்கான ஏற்பாடு ஒன்றுக்கு மேற்பட்டு இருந்தது. ஆனால் தரவுத்தளத்தைக் கோப்பாக எடுத்துத் தரும் பிஜி டம்ப் கருவியின் பதிப்பு 9.2 ஆகவும் சேவையகம் 9.6 ஆகவும் இருந்ததால் அது நாள்தோறும் பிழையோடு நின்றுகொண்டிருந்தது. அந்தப் பிழையை அறிவிக்க வேண்டிய மின்னஞ்சல்களோ வாங்குமிடத்தில் நிராகரிக்கப்பட்டு வந்தன. தற்செயலாக ஏறத்தாழ 6 மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த, வட்டின் அந்நேர நிலையைப் பிடித்த ஒரு ஸ்னாப்ஷாட்டுதான் மீட்புக்கு உதவியது. இவ்வளவையும் அந்நிறுவனமே ஒளிக்காமல் எழுதி வெளியிட்டது. தோல்வி அறிவிப்பு வரவில்லை என்பதை வெற்றியாகக் கொள்ளக்கூடாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு கிடைப்பது அரிது. எனவே கண்காணிப்பு நிரல் கேட்க வேண்டியது, ‘கடைசியாக வெற்றியுடன் முடிந்த காப்புநகலுக்கு எத்தனை மணி நேரம் ஆயிற்று, அதன் அளவு நேற்றையதை ஒத்திருக்கிறதா’ என்பதையே.

சிறிய தளத்திற்கு இரவுதோறும் பிஜி டம்ப், அல்லது சிங்கிள் டிரான்சாக்ஷன் விருப்பத்தோடு மைஎஸ்கியூஎல் டம்ப் போதும். இன்னோடிபி அட்டவணைகளைப் பூட்டாமலேயே ஒரே கணத்தின் நிலையை அந்த விருப்பம் பிடித்துத் தரும். ஒரு நாள் தரவை இழக்க முடியாது என்றால், முழு நகல் ஒன்றோடு போஸ்ட்கிரெஸின் வால் கோப்புகளை, அதாவது ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் எழுதிவைக்கும் பதிகைகளை, இடைவிடாமல் வேறோர் இடத்திற்கு அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். மைஎஸ்கியூஎல்லில் பின்லாக் கோப்புகள் இதே வேலையைச் செய்கின்றன. பிற்பகல் 3 மணிக்கு யாரோ நிபந்தனை இல்லாமல் டிலீட் கட்டளையை ஓட்டிவிட்டால், 2.59 மணி நிலைக்குத் திரும்ப இவை வழிவகுக்கும். இதற்கான நிரலைச் சொந்தமாக எழுதுவதைவிட பிஜி பேக்ரெஸ்ட், பார்மன், எக்ஸ்ட்ராபேக்கப் போன்ற கருவிகளிடம் விட்டுவிடுவது மேல்.

மீட்பு ஒத்திகையை மாதம் ஒருமுறையேனும் நடத்த வேண்டும். தரவுத்தளம் இல்லாத வெறும் கணினி ஒன்றை எடுத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துவிட்டு, காப்புநகல் கடைசியாகச் சென்று சேரும் தொலைவிடத்திலிருந்தே அதை இறக்குங்கள். முதன்மைச் சேவையகத்தின் வட்டில் கிடக்கும் பிரதியை எடுக்கக்கூடாது. காப்புநகலைத் திறக்கும் மறைகுறியாக்கச் சாவி, அழிந்துபோனதாகக் கொள்ளும் சேவையகத்தில் மட்டுமே இருந்ததா என்பது இந்தக் கட்டத்தில் தெரிந்துவிடும். பிறகு மீட்டெடுங்கள். பிஜி டம்ப் ஒரு தரவுத்தளத்தை மட்டுமே எடுக்கும், பயனர் கணக்குகளை எடுக்காது என்பதால், ‘இப்படியொரு பயனர் இல்லை’ என்ற பிழைகள் திரையில் வரிசையாக ஓடும். அவற்றைத் தவிர்க்க பிஜி டம்ப்ஆல் மூலம் கணக்குகளையும் தனியாகச் சேமித்திருக்க வேண்டும். முடிந்ததும் முக்கிய அட்டவணைகளின் வரிசைகளை எண்ணி, கடைசிப் பதிவின் நேரத்தைப் பார்த்து, தளத்தின் ஒரு நகலை இதனோடு இணைத்து உள்நுழைந்து பாருங்கள். ஆன நேரத்தை உரிமையாளர் எழுதித் தந்த விடையோடு ஒப்பிட்டால், அந்த வாக்குறுதியைக் காப்பாற்ற முடியுமா என்பது எண்ணாகவே தெரிந்துவிடும்.

ரெப்ளிகா காப்புநகலாகாது. தவறான டிலீட்டும் சில நொடிகளில் அங்கே போய்ச் சேர்ந்துவிடும். வன்பொருள் பழுதைத் தாண்டவும் படிக்கும் சுமையைப் பகிரவும் அது உதவும், அவ்வளவே. தானாகவே முதன்மையை மாற்றும் ஏற்பாட்டைச் சிறிய குழுக்கள் அவசரப்பட்டுப் பூட்டிக்கொள்ள வேண்டாம். வலையிணைப்பு ஒரு நிமிடம் அறுந்தால் இரண்டு சேவையகங்களும் தம்மையே முதன்மை என்று எண்ணி எழுதத் தொடங்கும் நிலையைத் தடுக்க, எது முதன்மை என்று வாக்களிக்கும் கணுக்கள் (கணினிகள்) குறைந்தது 3 வேண்டும். பேட்ரோனி போன்ற கருவியை முழுமையாகப் புரிந்த ஆளும் வேண்டும். ஒத்திகை பார்த்த ஒற்றைச் சேவையகமும், கைமுறையாக உயர்த்தக்கூடிய ஒரு ரெப்ளிகாவும் பெரும்பாலான தளங்களுக்குப் போதும்.

அன்றாடக் கண்காணிப்பில் வட்டின் மீதியிடமே முதலிடம் பெற வேண்டும். வட்டு நிரம்பினால் போஸ்ட்கிரெஸ் எழுத முடியாமல் நின்றுவிடும். நள்ளிரவில் விழித்தெழுந்து பார்க்கும்போது பிஜி வால் என்ற கோப்புறை பெருத்திருந்தால், அதிலிருந்து ஒரு கோப்பைக்கூடக் கையால் அழிக்கக்கூடாது. பழைய பதிப்புகளில் அதன் பெயர் பிஜி எக்ஸ்லாக். வெறும் பதிகைகள்தானே என்று அழித்துத் தரவையே இழந்தவர்கள் இருந்ததால்தான் 2017-இல் வந்த 10-ஆம் பதிப்பில் பெயரை மாற்றினார்கள். கோப்புகள் குவிவதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். காப்பகத்திற்கு அனுப்பும் கட்டளை தோற்றுக்கொண்டிருக்கலாம். அல்லது எப்போதோ நிறுத்திய ரெப்ளிகாவுக்கென ஒதுக்கிய ஸ்லாட் எனும் குறிப்பு நீக்கப்படாமல், ‘எனக்கு இவை இன்னும் வேண்டும்’ என்று சேவையகத்தைப் பிடித்துவைத்திருக்கலாம். காரணத்தைத் தீர்த்தபின் அடுத்த செக்பாயிண்ட்டில், அதாவது மாற்றங்களைத் தரவுக் கோப்புகளில் எழுதி முடிக்கும் கட்டத்தில், சேவையகமே அவற்றை நீக்கிவிடும். அதுவரை மூச்சுவிட இடம் கிடைக்க, அதே வட்டில் 2 ஜிபி அளவில் வெற்றுக் கோப்பு ஒன்றை முன்கூட்டியே வைத்திருந்து, நெருக்கடியில் அதை அழிப்பது எளிய, ஆனால் பலரும் செய்யாத ஏற்பாடு.

போஸ்ட்கிரெஸில் ஒரு வரிசையைத் திருத்தினால் பழைய வடிவம் உடனே அழியாமல் உள்ளேயே கிடக்கும்; ஆட்டோவேக்யூம்தான் அதைப் பின்னர் மறுபயனுக்கு விடுவிக்கிறது. இயல்பு அமைப்பில் ஓர் அட்டவணையில் ஏறத்தாழ 20 விழுக்காடு வரிசைகள் செத்த பிறகே அது வேலையைத் தொடங்கும் என்பதால், கோடிக்கணக்கான வரிசைகள் கொண்ட அட்டவணைக்கு அந்த விகிதத்தை 1 அல்லது 2 விழுக்காடாகக் குறைக்க வேண்டும். தளம் மெதுவாகிவிட்டது என்று ஆட்டோவேக்யூமை அணைப்பவர்கள் நோயை வளர்க்கிறார்கள். ஒரு பரிவர்த்தனையை (டிரான்சாக்ஷன், அதாவது ஒன்றாகவே முடிய வேண்டிய கட்டளைத் தொகுப்பு) திறந்துவிட்டு மணிக்கணக்கில் மூடாமல் விடும் நிரலும் இந்தத் துப்புரவைத் தடுக்கும். அதற்குக் கால வரம்பு விதியுங்கள். மெதுவான வினவல்களைக் கண்டுபிடிக்க பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ் நீட்சியை இயக்குங்கள். மைஎஸ்கியூஎல்லின் மெதுவினவல் பதிகை இயல்பாக 10 நொடியைத் தாண்டியவற்றையே குறிக்கும். இணையதளத்துக்கு அதை 1 நொடியாகவோ அதற்கும் கீழாகவோ குறைக்க வேண்டும்.

பாதுகாப்பில் முதல் விதி, போஸ்ட்கிரெஸின் 5432, மைஎஸ்கியூஎல்லின் 3306 என்ற வாயில்களை இணையத்திற்குத் திறக்காமல் இருப்பது. தளத்தின் நிரல் பயன்படுத்தும் கணக்கிற்கு அட்டவணைகளை அழிக்கும் உரிமை தேவையில்லை.

சிறு பதிப்புத் திருத்தங்களை வெளிவந்த சில நாள்களுக்குள் போட்டுவிடலாம். பெரும் பதிப்பு மாற்றத்தை முதலில் ஒத்திகைக் கணினியில் செய்து பார்க்க வேண்டும். இயங்குதளத்தை உயர்த்தும்போதும் இதே கவனம் தேவை. 2018-இல் வெளிவந்த, லினக்ஸின் அடிப்படை நிரலகமான ஜிலிப்சியின் 2.28 பதிப்பு, எழுத்துகளை வரிசைப்படுத்தும் முறையை மாற்றியது. பழைய முறையில் கட்டிய இன்டெக்ஸ்களை (தேடலை விரைவாக்கும் குறிப்புகளை) போஸ்ட்கிரெஸ் புதிய முறையில் தேடியதால், இருக்கும் பதிவை இல்லை என்று சொல்வதும், ஒரே பெயர் இருமுறை பதிவாவதும் நேர்ந்தன. லினக்ஸின் புதிய வெளியீட்டுக்கு மாறியதும் உரை கொண்ட நெடுவரிசைகளின் மேலுள்ள இன்டெக்ஸ்கள் அனைத்தையும் ரீஇன்டெக்ஸ் கட்டளையால் மீண்டும் கட்டிவிட்டு, அதன் பிறகே தளத்தைப் பயனர்களுக்குத் திறக்க வேண்டும்.