கொசு கடித்த இடத்தில் அரிப்பா? சொறியாமல் சமாளிக்கவும், மறுபடி கடி வாங்காமல் இருக்கவும் ஒரு செய்முறை

கொசு கடித்ததும் கை தானாகவே அந்த இடத்துக்குப் போய்விடும். நகத்தால் நாலு இழுப்பு இழுத்தால் ஒரு நிமிடம் சுகமாக இருக்கும், அப்புறம் முன்னைவிட அதிகமாக அரிக்கும். மறுபடி சொறிவோம். இந்தச் சுற்றிலிருந்து வெளியே வருவதற்கான வழி முதலில் வருகிறது. கடியே படாமல் தப்பிப்பது அதற்குப் பிறகு. வீட்டில் இருப்பதையும் மருந்துக்கடையில் சாதாரணமாகக் கிடைப்பதையும் வைத்தே இரண்டையும் செய்யலாம்.

முதலில், ஏன் அரிக்கிறது?

கடிப்பது பெண் கொசு மட்டும்தான். முட்டை வளர்வதற்கு அதற்கு இரத்தத்தில் உள்ள புரதம் வேண்டும். உறிஞ்சும்போது இரத்தம் உறைந்துவிடக் கூடாதென்று தன் எச்சிலைத் தோலுக்குள் விடுகிறது. அந்த எச்சிலில் உள்ள புரதங்களை நம் உடல் வேற்றுப் பொருளாகப் பார்த்து, ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளை வெளியிடுகிறது. அந்த இடத்து நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிந்து நீர் கசிவதால் தோல் தடிக்கிறது, நரம்பு முனைகள் தூண்டப்படுவதால் அரிக்கிறது. ஒவ்வொருவர் உடலும் காட்டும் எதிர்ப்பு வேறு வேறு. ஒரே அறையில் படுத்த இருவரில் ஒருவருக்குச் சின்னப் புள்ளியும் இன்னொருவருக்குப் பெரிய தடிப்பும் வருவது இதனால்தான்.

இன்னொன்றையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கடித்த சில நிமிடங்களில் வரும் வெளிறிய வீக்கம் சீக்கிரம் அடங்கிவிடும். பலருக்கு மறுநாள் அதே இடத்தில் சிவந்த, சற்றுக் கெட்டியான தடிப்பு கிளம்பி சில நாட்கள் இருக்கும். ராத்திரி மறுபடி கடித்துவிட்டதோ என்று குழம்ப வேண்டாம், பழைய கடியின் இரண்டாம் கட்டமாகவே இருக்கலாம்.

படி 1: சோப்பு போட்டுக் கழுவுங்கள்

சாதாரண சோப்பும் தண்ணீரும் போதும். தேய்த்துக் கழுவ வேண்டாம், நுரையை மெல்லத் தடவி அலசிவிட்டுத் துணியால் ஒற்றி எடுங்கள். உள்ளே போன எச்சில் இதனால் வெளியே வரப்போவதில்லை. தோல்மேல் இருக்கும் அழுக்கும் கிருமியும் குறையும், அவ்வளவுதான். பின்னால் தெரியாமல் சொறிந்துவிட்டாலும் புண் சீழ் பிடிக்கும் வாய்ப்பு குறைகிறது.

படி 2: குளிர் வையுங்கள்

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் இதுதான் முக்கியமான படி. ஐஸ் கட்டியை மெல்லிய துணியில் சுற்றிக் கடித்த இடத்தில் சுமார் 10 நிமிடம் வைத்திருங்கள். ஐஸ் இல்லையென்றால் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணி. குளிர்ச்சி இரத்தக் குழாய்களைச் சுருக்கி வீக்கத்தைக் குறைக்கும், நரம்பையும் கொஞ்சம் மரக்க வைக்கும். ஐஸை நேரடியாகத் தோலில் அழுத்தி வைக்காதீர்கள், குளிராலும் தோல் புண்ணாகும். அரிப்பு திரும்ப வந்தால் சற்று இடைவெளி விட்டு மறுபடி வைக்கலாம். குழந்தைகளுக்கு மருந்து எதையும் தேடுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள், பெரும்பாலும் இதிலேயே அடங்கிவிடும்.

படி 3: மேலே ஏதாவது ஒன்றைப் பூசுங்கள்

ஒன்று என்றால் ஒன்றுதான். மூன்றை அடுத்தடுத்துப் பூசினால் எது உதவியது, எது எரிச்சல் தந்தது என்று தெரியாமல் போய்விடும்.

சமையலறையில் இருப்பது போதும் என்றால் சமையல் சோடா. ஒரு மேசைக்கரண்டி சோடாவில் கெட்டியான பசையாகும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டுக் குழைத்து, கடித்த இடத்தில் தடவி, 10 நிமிடம் கழித்துக் கழுவிவிடுங்கள். இரவு முழுக்க விட்டு வைக்கக் கூடாது, தோல் வறண்டு அதுவே அரிக்கும். தோல் கிழிந்திருந்தாலும் இது வேண்டாம்.

மருந்துக்கடைக்குப் போவதென்றால் காலமைன் லோஷன் எளிதானது, உலர உலரக் குளிர்ச்சி தரும். அதற்கும் அடங்காத தடிப்புக்கு 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் கிரீமை மெல்லிய பூச்சாகப் போடலாம். இது ஸ்டீராய்டு வகை. சில நாட்களுக்கு மேல் தொடராதீர்கள், கண்ணைச் சுற்றியும் திறந்த புண்ணிலும் போடாதீர்கள், சின்னக் குழந்தைகளுக்கு மருத்துவரைக் கேட்காமல் பூசாதீர்கள்.

படி 4: நிறையக் கடிகள் என்றால் மாத்திரை

கை கால் முழுக்கக் கடி, தூக்கமே வரவில்லை என்றால் ஒவ்வாமைக்குக் கொடுக்கும் செட்டிரிசின், லோரடடின் போன்ற மாத்திரைகள் உதவும். இவை ஹிஸ்டமினின் வேலையைத் தடுப்பவை. செட்டிரிசின் சிலருக்குத் தூக்கக் கலக்கம் தரும், போட்டுக்கொண்டு வண்டி ஓட்ட வேண்டாம். கர்ப்பிணிகள், வேறு மருந்து சாப்பிடுபவர்கள், குழந்தைகள் விஷயத்தில் அளவை மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

செய்யவே கூடாதவை

எலுமிச்சைச் சாறு, வினிகர், பச்சைப் பூண்டு, பற்பசை. இந்த நாலும் யாரோ சொன்னதாக வீட்டுக்கு வீடு சுற்றிக்கொண்டிருக்கின்றன. பற்பசையில் இருக்கும் மெந்தால் கொஞ்ச நேரம் குளுகுளுவென்று இருக்கும்தான், ஆனால் மற்றப் பொருட்கள் தோலை எரிச்சலாக்கக்கூடும். எலுமிச்சை இன்னும் மோசம். சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் கொப்புளம் கட்டி, கறுப்புத் தழும்பாக வாரக்கணக்கில் நிற்கக்கூடும். பூண்டும் தோலைச் சுடும். நகத்தால் கடியின் மேல் பெருக்கல் குறி போடுவது வெறும் திசைதிருப்பல்: வலி கொஞ்ச நேரம் அரிப்பை மறக்கடிக்கிறது, தோல் காயமானதுதான் மிச்சம். சூடான கரண்டியை வைப்பது அதைவிட ஆபத்து, எவ்வளவு சூடு என்று கையில் தெரியாமல் தோலைப் பொசுக்கிக்கொள்வோம்.

சொறிவதை எப்படித்தான் நிறுத்துவது? நகத்தை ஒட்ட வெட்டுங்கள். அரிக்கும்போது உள்ளங்கையால் அழுத்திப் பிடியுங்கள், அல்லது கடியைச் சுற்றியுள்ள தோலை மெல்லத் தட்டுங்கள். தூக்கத்தில் சொறிகிற குழந்தைக்கு, கடித்த இடத்தை ஒரு சின்னப் பிளாஸ்டரால் மூடிவிடுவது நல்ல உபாயம்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

கடித்த இடத்தின் சிவப்பு நாளுக்கு நாள் பரவுகிறது, தொட்டால் சுடுகிறது, சீழ் வருகிறது, சிவப்புக் கோடு மேலே ஏறுகிறது என்றால் கிருமித்தொற்று. தள்ளிப்போடாமல் காட்டுங்கள். உதடு, முகம் வீங்குவது, மூச்சு இரைப்பது, உடம்பெல்லாம் தடிப்பது அரிதுதான், ஆனால் வந்தால் அது அவசரம், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கடிபட்ட நாட்களை அடுத்துக் காய்ச்சல் வந்தால் தனிக் கவனம் வேண்டும். டெங்கு, மலேரியா, சிக்குன்குனியா எல்லாம் கொசு வழி வருபவை. டெங்குவாக இருக்கலாம் என்று சந்தேகம் இருக்கும்வரை ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் வேண்டாம், இரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டும். காய்ச்சலுக்குச் சரியான அளவில் பாராசிட்டமால் கொடுத்துவிட்டு இரத்தப் பரிசோதனைக்குப் போங்கள்.

சரி, இனி கடிக்கவிடாமல் பார்ப்போம்.

படி 5: வாரம் ஒரு நாள் தண்ணீர் வேட்டை

கொசுவத்தி, மட்டை, ஸ்பிரே எல்லாம் பறந்துகொண்டிருக்கும் கொசுவைத்தான் பார்த்துக்கொள்ளும். பிறக்கிற இடத்தை விட்டுவிட்டால் அந்த வேலைக்கு முடிவே கிடையாது. பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசு தான் பிறந்த இடத்திலிருந்து அதிக தூரம் பறக்காது, பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள்ளேயே சுற்றும். உங்களைக் காலையில் கடித்த கொசு உங்கள் வீட்டு வளாகத்திலோ பக்கத்து வீட்டிலோ பிறந்ததாகவே இருக்க வாய்ப்பு அதிகம்.

முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக, வெப்பமான பருவத்தில் ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள் ஆகும். வாரம் ஒரு முறை என்ற கணக்கு அங்கிருந்து வருகிறது: புழு கொசுவாவதற்கு முன் தண்ணீரைக் கொட்டிவிடுகிறோம். ஒரு நாளைக் குறித்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். பூந்தொட்டிக்கு அடியில் உள்ள தட்டு, ஃப்ரிட்ஜின் பின்புறம் நீர் சேரும் தட்டு, ஏசி தண்ணீர் சொட்டும் வாளி, ஏர்கூலர் தொட்டி, மொட்டைமாடியில் கிடக்கும் பழைய டயர், மூடி சரியாகப் பொருந்தாத தண்ணீர்த் தொட்டி, செல்லப்பிராணிக்கு வைத்த கிண்ணம், புழங்காத கழிப்பறை. பாட்டில் மூடி அளவு தண்ணீரே ஏடிஸுக்குப் போதும் என்பதால் பெரிய பாத்திரத்தை மட்டும் தேடாதீர்கள்.

கொட்டினால் மட்டும் போதாது. ஏடிஸ் தன் முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரமான உட்சுவரில் ஒட்டிவைக்கும். அந்த முட்டைகள் காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். ஆகவே சொரசொரப்பான பிரஷ்ஷால் உட்புறத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் திரும்ப நிரப்ப வேண்டும். கொட்டவே முடியாத தொட்டியென்றால் ஓரத்தில் இடைவெளி இல்லாத மூடி போடுங்கள், அல்லது நுண்ணிய வலையால் மூடிக் கட்டுங்கள்.

படி 6: உள்ளே வரும் வழி, அப்புறம் மின்விசிறி

ஜன்னல் வலையில் சின்னக் கிழிசல் இருந்தாலும் அன்றே ஒட்டுப்போடுங்கள். கதவின் அடி இடைவெளியும் கணக்கில் உண்டு. மின்விசிறியைப் பலரும் கொசுவுக்கான கருவியாக நினைப்பதில்லை. கொசு வலுவாகப் பறக்கத் தெரியாத பூச்சி, நல்ல காற்றில் அதனால் உடம்பில் நிலையாக வந்து உட்கார முடியாது. தவிர, நாம் விடும் மூச்சின் கரியமில வாயுவை வைத்துத்தான் அது நம்மைத் தேடி வருகிறது. காற்று அந்தத் தடயத்தையும் கலைத்துவிடும். மேசைக்கு அடியில் காலைக் கடிக்கிறது என்றால் சின்ன விசிறி ஒன்றைக் காலை நோக்கித் திருப்பி வைத்துப் பாருங்கள்.

கொசுவலைக்கு இரண்டே விதி. ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகுங்கள், உடம்பு வலையில் ஒட்டாதபடி படுங்கள். ஒட்டியிருந்தால் வெளியிலிருந்தே கடித்துவிடும். பகலில் தூங்கும் குழந்தைக்கும் வலை வேண்டும், ஏடிஸுக்குப் பகல்தான் வேலை நேரம்.

படி 7: தோலில் பூசும் விரட்டி

வெளியே போகும்போது முழுக்கை, வெளிர் நிறம், தளர்வான துணி. இறுக்கமான மெல்லிய துணியின் மேலாகவே கொசு கடிக்கும். மூடாத இடத்துக்கு விரட்டி. வாங்கும்போது பெயரைப் பார்ப்பதைவிட உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள்: டீட், பிகாரிடின், ஐஆர்3535, எலுமிச்சை யூகலிப்டஸ் எண்ணெய் ஆகியவை சோதித்து உறுதியானவை. டீட் 20 முதல் 30 சதவீதம் இருந்தால் சில மணி நேரம் தாங்கும். வியர்த்தாலோ நனைந்தாலோ மறுபடி பூச வேண்டும்.

சன்ஸ்கிரீன் போடுபவர்கள் அதை முதலில் பூசிவிட்டு, அது ஊறிய பிறகு விரட்டியைப் பூசுங்கள். முகத்தில் நேராக ஸ்பிரே செய்யாமல் கையில் எடுத்துக் கண்ணையும் வாயையும் தவிர்த்துத் தடவுங்கள். துணிக்கு உள்ளே பூச வேண்டாம். 2 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு எந்த விரட்டியும் கூடாது, வலைதான் வழி. எலுமிச்சை யூகலிப்டஸ் எண்ணெய் 3 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு வேண்டாம். சின்னக் குழந்தைகளின் கையில் பூசினால் நேராக வாய்க்குப் போகும் என்பதை மறக்காதீர்கள். டீட் பிளாஸ்டிக்கைக் கரைக்கக்கூடியது, பூசிய கையோடு மூக்குக்கண்ணாடியையும் கைக்கடிகாரத்தையும் தொடாமல் இருப்பது நல்லது.

காசை எதில் போடக் கூடாது?

மனிதக் காதுக்குக் கேட்காத ஒலியால் கொசுவை விரட்டும் கருவி, அதே வாக்குறுதி தரும் கைபேசிச் செயலி: இரண்டும் வேலை செய்யாது. நீல விளக்கில் பூச்சியைச் சுடும் பெட்டி பெரும்பாலும் தீங்கில்லாத பூச்சிகளைத்தான் கொல்கிறது, கொசு அந்த விளக்கைப் பெரிதாகச் சீண்டுவதில்லை. வைட்டமின் பி மாத்திரையும் பூண்டு சாப்பிடுவதும் கொசுவைத் தள்ளி வைத்ததற்குச் சான்று இல்லை. கொசுவத்தி வேலை செய்யும், ஆனால் அந்தப் புகையை நாமும் சுவாசிக்கிறோம். திறந்த இடத்தில் பயன்படுத்துங்கள், கதவைச் சாத்திய படுக்கையறையில் வேண்டாம். ஆஸ்துமா இருப்பவர்கள் உள்ள வீட்டில் அதைத் தவிர்த்துவிட்டு வலையையும் விசிறியையும் நம்பலாம்.